பச்சை பிடிக்காத வயல்

என் மாணவி ஒருத்தி வரைந்த ஓவியத்தின் மேல், அவளைக் கேட்காமல், நான் பச்சை பூசினேன். பூசியது யார் என்று அவள் வந்து கேட்டபோது, படத்துக்கு பிரேம் போட்டவர் பக்கம் கையைக் காட்டினேன். இரண்டும் நான் செய்தவை. வேறு யார் மேலும் பழி போடுவதற்கில்லை.

இந்தத் தொடரில் இதுவரை வந்த வாரங்களைச் சென்ற ஞாயிறன்று உட்கார்ந்து புரட்டிப் பார்த்தேன். எல்லா இடத்திலும் நான் நல்லவனாகவே இருக்கிறேன். படிக்க எனக்கே கூச்சமாக இருந்தது. அதனால் இந்த வாரம் அம்சவல்லியைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் நினைவுக்கு வருவது அவளுடைய அம்மா பாக்கியம்தான்.

தஞ்சாவூரில் ஒரு ஓவியக் கண்காட்சி. அடைமழைக் காலம். மண்டபம் முழுக்க ஈரக் குடைகளின் வாசனையும் பினாயில் வாசனையும். அம்சவல்லியின் வாட்டர்கலர் படத்துக்கு முதல் பரிசு கிடைத்திருந்தது. படத்தின் கீழே பரிசு அட்டையைக் குத்தியிருந்தார்கள். குடவாசல் பக்கத்துக் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்த பாக்கியம், படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"வரப்புல நிக்கிறது நானா?"

"ஆமாம்மா."

"எதுக்கு நிக்கிறேன்?"

"நட்ட நாலாம் நாளும்மா. நீ தினம் போய் நின்னியே, அது."

"நாலாம் நாளா? இதுல பயிரு பச்சை புடிச்சிருச்சேடி. அப்புறம் எதுக்கு நான் வேலையத்துப் போய் அங்க நிக்கிறேன்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்சவல்லி மட்டும் சிரிக்கவில்லை. பிரேம் கண்ணாடியில் மூக்கு படும் அளவுக்குப் படத்தை நெருங்கிப் போய்ப் பார்த்தாள். பரிசு அறிவித்ததிலிருந்து கைகுலுக்கல்களுக்கு நடுவில் நின்றவள், தன் படத்தை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

நான் காபி குடிக்கப் போய்விட்டேன்.

நாலு நாள்

நாற்றங்காலில் இருந்து பறித்த நாற்றை வயலில் நட்டால், அது உடனே வளர்ந்துவிடாது. வேர் அறுந்து வந்த அதிர்ச்சியில் நாலைந்து நாள் வெளிறிப்போய் நிற்கும். இலை நுனி மஞ்சளாகித் தண்ணீரில் சாயும். வயலைப் பார்த்தால் பயிர் தெரியாது. தண்ணீரும் அதில் விழுந்த வானமும்தான் தெரியும். பிறகு ஒரு காலையில், புது வேர் விட்டு, பயிர் நிமிர்ந்து நிறம் மாறியிருக்கும். பச்சை பிடித்துவிட்டது என்று சொல்வார்கள். அதற்குப் பிறகுதான் நட்டவர்களுக்குச் சோறு இறங்கும்.

இது டெல்டாவில் எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது.

எங்களுடையது சின்ன மிராசு. நிலத்தை நான் பார்த்தது பொங்கல் விடுமுறையில், கதிர் சாய்ந்து நிற்கும்போது மட்டும். அப்பா வண்டியை விட்டு இறங்க மாட்டார். எங்களையும் இறங்க விட மாட்டார். செருப்பில் சேறு ஒட்டும் என்பார். பிறகு சென்னையில் ஓவியம் படித்தேன். மேல்நாட்டு நிலக்காட்சிகளைப் புத்தகங்களில் பார்த்து, புல்வெளிக்கு எந்தப் பச்சை, அதன் நிழலுக்கு எந்தப் பச்சை என்று கற்றேன். திரும்பி வந்து ஓவியக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து, நெல் விளையும் ஊர்ப் பிள்ளைகளுக்கு வயல் வரையச் சொல்லிக் கொடுத்தேன். இதில் இருக்கும் வேடிக்கை எனக்குப் பல வருஷம் தெரியவில்லை.

பாக்கியம் முப்பது வருஷம் அடுத்தவர் வயலில் நடவு நட்டவர். அந்த வருஷம்தான் அவர்களுக்கென்று ஒரு மா நிலம், ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு, சொந்தமாகியிருந்தது. அதில் முதல் நடவு. அந்த நாலு நாளும் காலையிலும் மாலையிலும் அவர் வரப்பில் போய் நின்றிருக்கிறார். எத்தனையோ பேர் வயலில் நட்டது பச்சை பிடித்திருக்கிறது. தன் வயலில் பிடிக்குமா என்ற பயம். மகள் வரைந்தது அந்தப் பயத்தை.

நான் அதன் மேல் பச்சையை ஊற்றிவிட்டேன்.

மதிய இடைவேளை

படம் பிரேம் கடைக்குப் போவதற்கு முன்னால், ஆசிரியர் அறையில் என் மேசை மேல் கிடந்தது. மேலே மின்விசிறி, பக்கத்தில் நான் சாப்பிட்டு முடித்த புளிச்சாத டப்பா. அறையில் யாரும் இல்லை.

பிரமாதமான படம். சேற்றுத் தண்ணீரில் மேகம் அப்படியே இறங்கியிருந்தது. ஆனால் பயிர் இருக்க வேண்டிய இடத்தில் நோய் பிடித்த மாதிரி மஞ்சள் கீற்றுகள். பச்சை கலக்கத் தெரியாமல் விட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். நடுவர்கள் சென்னையிலிருந்து வருகிறார்கள். தஞ்சாவூர் வயல் என்றால் பச்சைப்பசேல் என்று எதிர்பார்ப்பார்கள். என் வகுப்பிலேயே கெட்டிக்காரி அவள். அவள் தோற்கக் கூடாது.

இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் ஜெயித்தால் எனக்கும் பெயர் என்பதும் அதில் இருந்தது.

அகலமான பிரஷ்ஷில் தண்ணீராகப் பச்சையை எடுத்து, இடமிருந்து வலமாக ஐந்தாறு இழுப்பு. மஞ்சள் அடியில் போய்விட்டது. தாள் ஈரத்தில் லேசாக நெளிந்தது. வரப்பில் நின்ற சின்ன உருவத்தை மட்டும் தொடவில்லை. அந்த உருவம் எதற்காக அங்கே நிற்கிறது என்று நான் யோசிக்கவுமில்லை.

கண்காட்சிக்கு மறுநாள் அம்சவல்லி வந்தாள். அழுதிருந்தாள் என்று தெரிந்தது. குரலில் அது இல்லை.

"சார், என் படத்துல யாரு கை வச்சது?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பாள்; அதோடு போயிருக்கும். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "பிரேம் கடையில ஏதாவது கறை பட்டு, மறைக்கறதுக்காகப் பூசியிருப்பாங்கம்மா" என்றேன்.

அவள் நேரே ஜபருல்லா பாய் கடைக்குப் போனாள். கல்லூரிப் படங்களுக்கெல்லாம் அப்போது அவர்தான் பிரேம் போட்டுவந்தார். கடையில் பெரிய சண்டை என்று கேள்விப்பட்டேன். விஷயம் முதல்வர் காதுக்கும் போனது. படத்தில் கை வைக்கிற கடைக்கு இனி எதுவும் அனுப்ப வேண்டாம் என்றார். நான் அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

பச்சை டியூப்புக்கு ஒரு டப்பா

அம்சவல்லி படிப்பை முடித்து, நாகப்பட்டினத்தில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியராகப் பல வருஷம் இருந்தார். இனிமேல் 'அவர்' என்று எழுதுவதே சரி. வேலையை விட்டுவிட்டுத் திருவையாறு பக்கம், வாய்க்கால் கரையில், அரை ஏக்கர் வாங்கித் தோட்டம் போட்டார். அங்கிருந்து வரைந்த படங்கள்தான் அவரை வெளியூர்களுக்குக் கொண்டுபோயின. இன்று டெல்டாவின் வெளிச்சத்தை இவரளவுக்குத் தெரிந்து வரைகிறவர் எனக்குத் தெரிந்து வேறு யாருமில்லை. அவருடைய ஆசிரியராகச் சொல்லவில்லை. அந்தத் தகுதி எனக்கில்லை. படம் பார்த்தே வயதானவனாகச் சொல்கிறேன்.

மாதம் ஒரு முறை, மூன்று நாள், வெட்டவெளியில் ஓவியப் பயிற்சி நடத்துகிறார். எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். பள்ளி ஆசிரியர்கள், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்கள், ஓய்வு பெற்ற வங்கிக்காரர்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் முதன்முதலாக அங்கே போனபோது, வாசலில் ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருந்தார்கள். உள்ளே போகிறவர்கள் தங்கள் பச்சை டியூப்புகளை அதில் போட்டுவிட்டுப் போக வேண்டும். திருச்சியிலிருந்து வந்த பல் டாக்டர் ஒருவர் மறுத்துக்கொண்டிருந்தார்.

"மேடம், பச்சை இல்லாம தஞ்சாவூரை எப்படி வரையறது?"

"டாக்டர், பல் செட்டு நீங்க கடையில ரெடிமேடா வாங்கி மாட்டுவீங்களா, வாயைப் பார்த்து அளவெடுப்பீங்களா?"

"அளவெடுத்துதான்."

"அப்ப டியூப்பைப் போட்டுட்டு உள்ள போய் உக்காருங்க."

மஞ்சள், நீலம், கொஞ்சம் செம்மண் நிறம். இவற்றிலிருந்து ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் இருக்கும் பச்சையை உண்டாக்க வேண்டும். நாற்றங்கால் பச்சை, தூர் கட்டின பச்சை, கதிர் பொதிந்து நிற்கும் பச்சை என்று அவர் பெயர் சொல்லச் சொல்ல, வந்தவர்கள் கலந்து கலந்து தோற்றார்கள். வரப்போரமாகக் குந்தியிருந்தவர்களிடம் போய்ப் போய்ப் பார்ப்பார். பிரஷ்ஷைப் பிடுங்கித் திருத்த மாட்டார். யாருடைய தாளையும் தொட மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பார்ப்பார்.

பாத்தி

தோட்டத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் அவரைப் பற்றிச் சொன்னதாகாது.

பூந்தோட்டம் என்று நினைத்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். வாழைக்குப் பக்கத்தில் சேம்பு, ஒரு பச்சைக்கு அருகில் இன்னொரு பச்சை எப்படி நீலமாகிறது என்று பார்ப்பதற்கு. முருங்கைக்குக் கீழே ஒன்றுமே நடவில்லை, அதன் பொடி நிழல் மண்ணில் விழ வேண்டும் என்பதற்காக. அவரைக்காய்ப் பந்தலுக்கு அடியில் ஒரு ஸ்டூல். மத்தியானம் அங்கே உட்கார்ந்தால் தாளே பச்சையாகத் தெரியும். தினமும் காலையில் ஒரு மணி நேரம் களை எடுத்த பிறகுதான் பிரஷ்ஷைத் தொடுவார். கோரைக்கும் நெல்லுக்கும் வித்தியாசம் பார்க்கிற கண்தான் நிறத்துக்கும் வேண்டும் என்பார்.

கிணற்றடியில் நாலு முழத்துக்கு ஒரு சின்னப் பாத்தி. சேறாக்கித் தண்ணீர் கட்டி, நெல் நாற்று நட்டிருந்தது. நாற்று பச்சை பிடித்ததும் அதைப் பிடுங்கிக் கரையோரம் வைத்துவிட்டு, மறுபடி புது நாற்று நடுவாராம்.

"எதுக்கு?" என்று கேட்டேன்.

"அம்மா போனப்புறம் ஆரம்பிச்சேன் சார். எப்ப வந்து பார்த்தாலும் நட்டு இன்னும் பச்சை புடிக்காதது ஒண்ணு கண்ணு முன்னாடி இருக்கணும். ஒரு தடவை படத்துல சரியா போட்டேன். அது போயிருச்சு. மறுபடி அது கையில வரல."

அவருடைய படங்களில் எல்லாப் பருவமும் உண்டு. நாலாம் நாள் வயல் மட்டும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

முன்னுரை

நான் அன்று போனதற்கு ஒரு காரணம் உண்டு. அம்சவல்லியின் படங்களைத் தொகுத்து ஒரு புத்தகம் தயாராகிக்கொண்டிருந்தது. முன்னுரை எழுதச் சொல்லிப் பதிப்பாளர் எனக்கு போன் செய்தார். கடைசியில், "சார், அந்தப் பரிசு வாங்கின படத்தை மட்டும் போட வேணாங்கறாங்க. அதோட நல்ல போட்டோ எங்ககிட்ட இருக்கு. நீங்க அவங்க வாத்தியார், நீங்க சொன்னா கேப்பாங்க" என்றார்.

முப்பது வருஷத்துக்கு மேல் நான் தப்பித்து வந்த அந்தப் படத்தின் பேச்சு, போனில் வந்து நின்றது.

தோட்டத்துக்குப் போன அன்று மதியம், எல்லோரும் சாப்பாட்டுக்குப் போன பிறகு, கிணற்றடியில் சொன்னேன். தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. "உங்க வயல்ல பச்சை பூசினது நான்தான். பாய் இல்ல" என்றேன்.

அம்சவல்லி பாத்தியில் குனிந்து ஒரு கோரையைப் பிடுங்கினார். அதன் வேரில் இருந்த சேற்றைத் தண்ணீரில் அலசினார். பிறகு இன்னொன்று.

"நீங்க இப்ப என்னை நீங்கன்னு சொல்றீங்க" என்றார்.

"ஆமாம்."

"அப்ப நீன்னுதான் சொல்வீங்க."

மூன்றாவது கோரையைப் பிடுங்கினார்.

"எங்கம்மா சாகற வரைக்கும் அந்தப் படத்தைச் சொல்லிச் சிரிச்சுச்சு சார். வேலையத்துப் போய் நின்னேன்னு. அதை விடுங்க. பாய்கிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"நான் அந்தக் கடையில என்ன பேசினேன் தெரியுமா? நாலு பேர் பார்க்க, கைநீட்டிப் பேசினேன். அவரு கண்ணாடி வெட்டிக்கிட்டிருந்தாரு, நான் கத்தின கத்துல வெட்டு கோணிப் போச்சு. நீங்க ஒரு தப்பு மட்டும் பண்ணல சார். என்னையும் ஒரு தப்பு பண்ண வச்சுட்டீங்க."

கோரையைக் கரையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினார். "முதல்ல அங்க போகணும். நில்லுங்க, வகுப்பு முடிஞ்சதும் நானும் வர்றேன்."

பாய்

ஜபருல்லா பாய் கடை அதே சந்தில்தான் இருக்கிறது. தாடி முழுக்க வெளுத்துவிட்டது. எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்ததும், மரத்தூளை ஊதிவிட்டு இரண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

கேட்டு முடித்தவர், "தெரியுமே" என்றார்.

அம்சவல்லி, "என்ன பாய் சொல்றீங்க?" என்றார்.

"வாத்தியார் ரூம்லேருந்து வர்றப்பவே படம் ஈரம்மா. அப்படியே கண்ணாடி போட்டா ஒட்டிக்கும்னு ஒரு நாள் காய வச்சுட்டுத்தான் பிரேம் போட்டேன். யாரு பூசியிருப்பான்னு எனக்குத் தெரியாதா?"

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல பாய்?"

"நீ எங்கம்மா என்னைப் பேச விட்ட?"

அம்சவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே கண்ணும் கலங்கிவிட்டது. "மன்னிச்சுக்கங்க பாய்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பாய் அவரைத் தட்டிக்கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தில் சிரிப்பு இல்லை.

"பின்னாடி உங்க முதல்வர்கிட்ட போய்ச் சொன்னேன் சார். வாத்தியார் பொய் சொல்வாரா, கடைக்காரன் சொல்வானான்னு கேட்டாரு. எனக்குக் கடை ஓடுச்சு, அல்லா குறை வைக்கல. ஆனா படத்துல கை வைக்கிறவன்னு ஒரு பேரு. நான் இதுவரைக்கும் ஒருத்தர் படத்துல தூசி தட்டக்கூட மயிலிறகுதான் வச்சிருக்கேன்."

நான் கைகூப்பினேன். அதைப் பார்க்காத மாதிரி அவர் மரக்கட்டைகளை அடுக்கினார். அடுக்கி முடித்ததும் சொன்னார்: "ஒண்ணு பண்ணுங்க. அதே மாதிரி வயலை நீங்க ஒரு படம் போட்டுக் கொண்டாங்க. இந்தப் புள்ள சரின்னு சொல்லணும். நான் பிரேம் போட்டுத் தர்றேன். கை வைக்க மாட்டேன், பயப்படாதீங்க."

மேலே உள்ள பச்சை

முன்னுரையில் நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். பதிப்பாளர் என் வயதுக்கு மரியாதை என்று நினைத்து அந்த இரண்டு பத்திகளையும் எடுத்துவிட்டார். புத்தகம் வந்த பிறகுதான் தெரிந்தது. ஆனால் அம்சவல்லி முன்னெச்சரிக்கையாக ஒரு காரியம் செய்திருந்தார். படத்தைப் போட ஒப்புக்கொண்டு, அதன் கீழே இருக்க வேண்டிய வரியைத் தானே எழுதி, ஓர் எழுத்தும் மாறக் கூடாது என்று சொல்லியிருந்தார்.

'ஓவியம்: அம்சவல்லி. மேலே உள்ள பச்சை: அவருடைய ஆசிரியர்.'

அதைப் பார்த்துவிட்டு எனக்குப் பாராட்டுக் கடிதங்கள் வருகின்றன. ஆசிரியரும் மாணவியும் சேர்ந்து தீட்டிய அபூர்வமான படம் என்று ஒருவர். பச்சையில் உங்கள் கைவண்ணம் தெரிகிறது என்று இன்னொருவர். அந்த அன்பர்களுக்கான பதிலும் இந்த அத்தியாயம்தான். பாராட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

நாலாம் நாள்

இப்போது மாதத்துக்கு ஒரு முறை திருவையாறு போகிறேன். வாசலில் என் பச்சை டியூப்பையும் டப்பாவில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறேன். முழங்கால் மடங்காது என்பதால் எனக்கு மட்டும் கிணற்றடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. சேற்றை மிதித்துப் பார்க்காமல் வரையக் கூடாது என்று அம்சவல்லி சொல்லிவிட்டார். செருப்பைக் கழற்றி, பாத்தியில் ஒரு கால் வைத்துவிட்டு உட்காருகிறேன். சேறு விரலிடுக்கில் ஏறும் குளிர்ச்சி, எழுபத்தாறு வயதில் தெரிந்துகொண்டது.

தண்ணீர் வந்துவிடுகிறது. மேகம் வந்துவிடுகிறது. பயிரிடம் வரும்போது கை தானாக நீலத்தைத் தேடிப் போய் மஞ்சளோடு கலந்துவிடுகிறது. அத்தனை வருஷப் பழக்கம்.

முதல் முறை என் பின்னால் வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "சார், இது பத்தாம் நாள்" என்றார். இத்தனைக்கும் பாத்தியில் அன்று நாலாம் நாள்தான். அடுத்தடுத்த மாதங்களில் அது ஒன்பதாம் நாளாயிற்று. எட்டாம் நாளிலேயே ஒரு வருஷம் நின்றேன்.

பாய் பிரேமுக்கு மரம் வெட்டி வைத்திருக்கிறார். அந்தச் சந்து வழியாகப் போனால், "என்ன சார், இன்னும் பயிர் வளர்ந்துக்கிட்டே இருக்கா?" என்று கடையிலிருந்தே கேட்கிறார்.

சென்ற வாரம் போயிருந்தேன். மழை வரும் போல இருந்தது. வெளிச்சம் குறைந்து, பாத்தியில் நாற்றுகள் மஞ்சள் நூல்களாகச் சாய்ந்து கிடந்தன. அவசரமாக வரைந்தேன். நீலத்தைத் தொடக் கூடாது என்று அந்த டியூப்பை நாற்காலிக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தேன். தலைக்கு மேல் அம்சவல்லியின் மூச்சு கேட்டது. வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார்.

"ஆறாம் நாள் சார்" என்றார்.

நான் பிரஷ்ஷைக் கழுவினேன். மேகத்துக்குத் தொட்ட நீலம் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பரவாயில்ல. இன்னும் ரெண்டே நாள் பின்னாடி வாங்க."